கிடங்கும் ஓடமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய இரு நாள்களிலும் தென்பாண்டிச் சீமையில் கொட்டிய மழையை அப்பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 18ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதிலும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. திருச்செந்தூரில் 69 செ.மீ.; ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. வானத்து நீரும் தாமிரபரணி நீரும் ஒன்றாய்க் கலந்தபோது ஊர்கள் தீவுகளாயின. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையை ஆறு அரித்துக்கொண்டு போயிற்று. அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் நின்றுவிட்டன.

17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு, இரும்புப் பாதை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே உள்ளம் நடுங்குகிறது. வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சியோர் நிலையத்திலேயே தங்கினர். ஹெலிகாப்டர் பறந்து வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது 19ஆம் நாளில். அதற்கு முன் அவர்கள் எதை உண்டார்கள்? நிலையத்தை அடுத்துள்ள புதுக்குடி எனும் சிற்றூர் மக்கள் தம் வீடுகளில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து ஆக்கிப் போட்டார்கள். அவர்களுடைய வீடுகளும் அதே வெள்ளத்தின் நடுவில்தான் இருந்தன என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிவாரணம் என்றதும் நம் கண் முன் நிற்பவை தலைநகரிலிருந்து அணிவகுத்து வரும் லாரிகளும், வானத்திலிருந்து விழும் பொட்டலங்களுமே. அவை வேண்டியவைதாம். ஆயினும் அவை வந்து சேரும்வரை உள்ள இரண்டு மூன்று நாள்களிலும் பிள்ளை பால் குடித்தாக வேண்டும். முதியவர் மருந்து உண்டாக வேண்டும். அந்நாள்களுக்குரிய உணவு, பாலம் உடைவதற்கு முன்பே பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து இருந்தாக வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. அதைத் தெருத் தெருவாகக் கொண்டு சேர்க்க ஒரு தோணியும், எந்த வீட்டில் யார் பசித்துக் கிடக்கிறார் என்று அறிந்த ஓர் ஆளும் வேண்டும். இதை வரலாறு எத்தனை முறை கற்பித்திருக்கிறது, எத்தனை முறை மனிதர்கள் மறந்திருக்கிறார்கள் என்பதைச் சற்றே ஆராய விழைகிறோம்.

நம் குறையையே முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த வெள்ளச் செய்தி வந்த வாரம் நாம் ஜும்ஆ மேடையில் நின்று, வாரி வழங்குமாறு மக்களை வேண்டினோம். மக்களும் குறை வைக்கவில்லை. மதரஸாவின் திண்ணை நிறையத் துணி மூட்டைகள் சேர்ந்தன. வண்டி கிடைத்து, வழி திறந்து, நாம் மூட்டைகளோடு போய்ச் சேர்ந்தபோது மழை நின்று ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. அங்கே ஒரு வீட்டு வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டியார் நம் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, "அரிசி இருந்திச்சு ஆலிம்சா. பத்தவைக்கக் காஞ்ச தீக்குச்சிதான் இல்லாமப் போச்சு" என்றார். கடிந்து சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் தீக்குச்சி நம்மை உறுத்திக்கொண்டே வந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நாம் எடுத்துப் புரட்டிய நூல், அபூ உபைத் அல்காஸிம் இப்னு ஸல்லாம் அவர்களின் 'கிதாபுல் அம்வால்'. பொதுநிதியைப் பற்றிய அப்பழைய நூலில் யமன் நாட்டிலிருந்த முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு செய்தி உண்டு. முஆத் அவர்கள் அந்நாட்டு மக்களிடம் திரட்டிய ஸதக்காவில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு, கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். வேறோர் ஆட்சியாளராயின் மகிழ்ந்திருப்பார். உமர் (ரலி) அவர்களோ அதை ஏற்காது, வரி திரட்டி அனுப்பும் அலுவலராகத் தாம் அவரை அனுப்பவில்லை என்றும், அங்குள்ள செல்வரிடமிருந்து பெற்று அங்குள்ள வறியோரிடமே சேர்ப்பதற்காக அனுப்பியதாகவும் கடிதம் எழுதினார்கள். வாங்குவதற்கு ஓர் ஆள் இங்கே கிடைத்திருந்தால் இதை அனுப்பியிருக்கமாட்டேன் என்பது முஆத் அவர்களின் மறுமொழி. அடுத்த ஆண்டு பாதியும், அதற்கடுத்த ஆண்டு முழுவதும் அனுப்பப்பட்டன. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே மறுமொழி.

ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்த நம் கடற்கரையூர் மக்களுக்கு, ஸகாத்தை அது திரண்ட ஊரிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டு செல்வது பற்றிய சட்டம் புதியதன்று. ஓதிக்கொடுக்கும்போது நாமும் அதை வெறும் சட்டமாகவே ஓதிக்கொடுத்து வந்தோம். ஓர் ஊரின் பசியை முதலில் அறிபவன் அவ்வூரான். ஆகவே அவ்வூரின் பொருள் முதலில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்னும் நடைமுறை அறிவு அதனுள் அடங்கியிருப்பது, அந்த மூதாட்டியாரின் சொல்லுக்குப் பிறகே நமக்கு உறைத்தது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய நபிமொழி. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. படையெடுப்பின்போதோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், அவரவரிடம் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொண்டுவந்து கொட்டி, ஒரே அளவைப் பாத்திரத்தால் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்களாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தக் குலத்தாரைத் தம்மைச் சார்ந்தவர்கள் என்றும், தாம் அவர்களைச் சார்ந்தவர் என்றும் போற்றியுள்ளார்கள். அஷ்அரீகள் வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருக்கவில்லை. கையிருப்பு எவ்வளவு என்று முதலில் பார்த்தார்கள். புதுக்குடி மக்கள் இந்த நபிமொழியைக் கேட்டிருக்க நியாயமில்லை; ஆனாலும் அதன்படி நடந்திருக்கிறார்கள்.

இனி, பெரிய அளவில் இவ்வேலை நடந்த ஒரு காலத்துக்குச் செல்வோம். ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் மக்காவில் பெருவெள்ளம் புகுந்து மகாமு இப்ராஹீமையே அதன் இடத்திலிருந்து அடித்துச் சென்றது. 'உம்மு நஹ்ஷல் வெள்ளம்' என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நேரில் வந்து மகாமை உரிய இடத்தில் நிறுவி, மேல் மக்காவில் வெள்ளத் தடுப்பு அணைகளைக் கட்டுவித்தார்கள். மறு ஆண்டே, ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அதற்கு நேர்மாறான சோதனை: ஹிஜாஸில் மழையே இல்லை. மண் சாம்பல் நிறமாகிவிட்டதால் 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு, என்று பெயர் பெற்றது. பாலைவன மக்கள் கூட்டங் கூட்டமாக மதீனாவின் எல்லைகளில் வந்து தங்கினர். வறட்சி வேறு, வெள்ளம் வேறுதான். ஆனால் ஊரில் உள்ள வாய்களின் எண்ணிக்கைக்கும் ஊரில் உள்ள உணவின் அளவுக்கும் தொடர்பு அறுந்துபோவது இரண்டிலும் ஒன்றே.

உமர் (ரலி) அவர்கள் ஷாம், இராக், மிஸ்ரு நாடுகளின் ஆளுநர்களுக்கு எழுதினார்கள். அபூ உபைதா (ரலி) நாலாயிரம் ஒட்டகச் சுமை உணவோடு தாமே முதலில் வந்து சேர்ந்தார்கள். மேடைகளில் நாம் வழக்கமாகச் சொல்வது இந்த நாலாயிரம் ஒட்டகங்களைப் பற்றித்தான். இப்னு ஸஅது தம் 'தபகாத்'தில் எழுதும் மற்றொரு செய்தியை நாம் சொல்வதில்லை. மதீனாவின் ஒவ்வோர் எல்லைக்கும் ஆள்களை நியமித்து, அவர்கள் மாலைதோறும் கூடித் தத்தம் பகுதியில் கண்டதைத் தெரிவிக்கும்படி கலீஃபா ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓரிரவு உணவுண்ண வந்தோரை எண்ணச் செய்தபோது அவர்கள் ஏழாயிரம் பேர். அதோடு விட்டார்களா? உணவிடத்துக்கு வர இயலாத நோயாளிகள், குழந்தைகள், வீட்டிலிருப்போர் ஆகியோரையும் எண்ணச் சொன்னார்கள். அவர்கள் நாற்பதாயிரம். சில இரவுகளுக்குப் பின் எண்ணியபோது வந்தோர் பத்தாயிரமாகவும் வராதோர் ஐம்பதினாயிரமாகவும் பெருகியிருந்தனர். வைகறைக்கு முன்பே எழுந்து கொப்பரைகளில் அடுப்பேற்றும் பணியாளர்களைப் பற்றியும் அவர் குறிப்பிடுகிறார்.

வந்தவர்களைவிட வராதவர்கள் ஐந்து மடங்குக்குமேல் என்பதைக் கண்டு நாம் நெடுநேரம் நூலை மூடி வைத்திருந்தோம். வெள்ளத்தில் லாரி நின்ற இடத்துக்கு வந்து கை நீட்டக்கூடியவன் யார்? காலில் வலுவுள்ளவன். மாடியில் படுத்துக் கிடக்கும் முதியவளை யார் எண்ணினார்கள்?

பஞ்சம் நீங்கியதும் கலீஃபா அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. மிஸ்ரில் நைல் நதியிலிருந்து செங்கடற் கரையிலுள்ள குல்ஸுமுக்குச் சென்றுகொண்டிருந்து தூர்ந்துபோன பழைய கால்வாய் ஒன்று உண்டு. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு அது தூர்வாரப்பட்டது. 'அமீருல் மூஃமினீன் கால்வாய்' என்று பெயர் பெற்ற அதன் வழியே தானியக் கப்பல்கள் யன்புவுக்குத் தெற்கேயுள்ள அல்ஜார் துறைக்கு வந்தன. உமர் (ரலி) அவர்கள் அங்கே நேரில் சென்று கப்பல்களைப் பார்வையிட்டு, இரண்டு கிடங்குகளைக் கட்டுவித்து, யார் யாருக்கு எவ்வளவு என்பதை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு எழுதுவித்து, முத்திரையிட்ட சீட்டுகளை வழங்கினார்கள் என்று யஅகூபீ எழுதுகிறார். நம் காலத்துப் பங்கீட்டுச் சீட்டு நினைவுக்கு வருகிறதல்லவா! மதீனாவிலும், மக்காவுக்குச் செல்லும் வழியிலும் மாவு, ஸவீக், பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை ஆகியவற்றை இருப்பு வைத்து, வழியில் சிக்கிக்கொண்டோருக்கு உதவும் இல்லங்களையும் அவர்கள் அமைத்ததாக இப்னு ஸஅது கூறுகிறார். வழியில் சிக்கிக்கொண்டோர்! ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இருந்தவர்களும் அவர்கள்தாமே.

மனிதர் உள்ள இடத்தில் மோசடியும் இருக்கும். மர்வான் மதீனாவின் ஆளுநராயிருந்த காலத்தில், தானியத்தைக் கைப்பற்றுமுன்பே அல்ஜார் சீட்டுகளை மக்கள் ஒருவருக்கொருவர் விற்றுக் கைமாற்றத் தொடங்கிவிட்டனர். முதற் சீட்டுகளை எழுதிய அதே ஸைத் இப்னு ஸாபித் அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, வட்டியை ஹலாலாக்குகிறீரா என்று இடித்துரைத்தனர். மர்வான் காவலரை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இமாம் மாலிக் (ரஹ்) தம் 'முவத்தா'வில் இதைப் பதிந்துள்ளார்கள். கைக்கு வராத சரக்கை விற்பது கூடாது என்ற பாடத்தை ஓதும் மாணவர்கள், அப்பாடத்தின் பின்னே ஒரு நிவாரணக் கிடங்கு நிற்பதை அறிந்திருக்க வேண்டும்.

அந்தக் கால்வாய் என்னவாயிற்று? ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) மதீனாவில் முஹம்மது அந்நஃப்ஸுஸ் ஸகிய்யா என்பார் அப்பாஸிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பினார். அவருக்கு மிஸ்ரின் தானியம் சென்றுவிடக் கூடாது என்று கலீஃபா மன்ஸூர் கால்வாயை அடைக்க உத்தரவிட்டார். ஒருவரைப் பட்டினி போட எண்ணி ஊரின் உணவு வழியையே மூடினார். நூறாண்டுக்கும் மேலாக இயங்கிய வழியை அடைக்க ஓர் ஆணை போதுமானதாயிருந்தது.

இதே செயல் 1180 ஆண்டுகளுக்குப் பின் வங்காளத்தில் அரங்கேறியது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. அடுத்து வங்கக் கடற்கரைக்கு வருவார்கள் என்று அஞ்சிய ஆங்கில அரசு, எதிரிக்கு எதுவும் கிடைக்கலாகாது என்று கருதிக் கடலோர மாவட்டங்களில் மிகுதியாயிருந்த அரிசியை அப்புறப்படுத்திற்று. பத்துப் பேருக்குமேல் ஏறக்கூடிய படகுகளையும் பறிமுதல் செய்தது. பறிபோன படகுகள் சுமார் 45,000. வங்க நாட்டின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அங்கே ஆறுகளே சாலைகள், ஓடமே மாட்டுவண்டி. நெல் வயலிலிருந்து சந்தைக்குப் போவதும், குயவன் தன் பானையை விற்கப் போவதும், மீனவன் மீன் பிடிப்பதும் அந்த ஓடங்களில்தாம். ஜப்பானியர் வரவில்லை. 1942 அக்டோபர் 16இல் புயல் வந்தது. மிதுனபுரிக் கடற்கரையில் கடல் எழுந்து ஊர்களுக்குள் புகுந்தது. மாண்டோர் 14,500 பேர் என்பது அரசுக் கணக்கு. உப்பு நீர் நின்ற வயல்களில் பயிர் அழிந்தது; எஞ்சிய ஊர்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோக ஓடமில்லை. 1943இன் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. போர்க்காலப் பணவீக்கமும், பதுக்கலும், பர்மா அரிசி நின்றுபோனதும் அவற்றுள் அடங்கும். ஆனால் அந்தப் படகுகளை அப்பட்டியலிலிருந்து யாரும் நீக்கிவிட முடியாது. மாண்டோர் 15 இலட்சம் என்று அரசின் விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அதை இருமடங்காகக் கணிக்கின்றனர்.

அதே வங்கத்தின் கிழக்குப் பகுதி பங்களாதேஷ் என்ற நாடான பிறகு இரண்டு பெருவெள்ளங்களைக் கண்டது. ஒன்று 1974இல், மற்றொன்று 1998இல். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த பாடம் இப்பொருளில் நமக்குக் கிட்டியதில்லை.

1974இல் பிரம்மபுத்திரா பெருகிற்று. ரங்பூர், மைமன்சிங், சில்ஹட் மாவட்டங்கள் பெருந்துன்பம் அடைந்தன. நீர் நின்ற வயலில் நாற்று நட முடியாது. ஆகவே கூலியாளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவன் கையில் காசு இல்லை. அதே வேளையில் அரிசி விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. கியூபாவுக்குச் சணற்சாக்கு விற்ற குற்றத்துக்காக அமெரிக்கா தன் உணவுக் கப்பல்களை நிறுத்தி வைத்தது. இலையுதிர் காலத்தில் அரசு 'லங்கர்கானா' எனும் கஞ்சித் தொட்டிகளை ஏறத்தாழ 6 ஆயிரம் இடங்களில் திறந்து, 43 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு உணவிட்டது. ஆனால் அவை திறக்கப்பட்டபோது ரங்பூரில் மக்கள் செத்துக்கொண்டிருந்தனர். அரசு ஒப்புக்கொண்ட சாவு 26,000. பிறர் கணிப்பு இலட்சங்களில் செல்கிறது. வியப்பும் வேதனையும் தரும் செய்தி யாதெனில், அந்த ஆண்டில் நாட்டில் தலைக்கு இருந்த உணவு தானியத்தின் அளவு அதற்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளைவிடக் குறைவாயில்லை, கூடுதலாகவே இருந்தது என்று அமர்த்தியா சென் 1981இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். நாட்டில் அரிசி இருந்தது. ரங்பூர்க் கூலியாளின் அடுப்புக்கு அது வந்து சேரவில்லை.

1998இன் வெள்ளம் இதைவிடப் பெரிது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நீரில் மூழ்கி, ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டு மாதங்களுக்கு மேல் நீர் வடியவில்லை. இருபது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி விளைச்சல் அழிந்தது. உலகச் செய்தித்தாள்கள் பெரும் பஞ்சத்தை எதிர்பார்த்தன. வெள்ளத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தனர், பஞ்சம் வரவில்லை. ஏன்?

1990களின் தொடக்கத்தில் அரிசி இறக்குமதியைத் தனி வணிகருக்கும் அந்நாடு திறந்துவிட்டிருந்தது. வெள்ள ஆண்டில் சுங்க வரியும் நீக்கப்பட்டிருந்தது. ஆகவே விலை ஏறத் தொடங்கியதும் எல்லைப்புறச் சிறு வணிகர்கள் நூற்றுக்கணக்கானோர், பெனாபோல் முதலிய தரைவழிச் சாவடிகள் வழியாக, இந்திய அரிசியை லாரி லாரியாக ஏற்றி வந்தனர். சில திங்கள்களில் அவர்கள் கொண்டுவந்தது இருபது இலட்சம் டன்னுக்கு மேல். அரசு கொண்டுவந்ததைவிடப் பன்மடங்கு. நாளை லாரி வரும் என்று தெரிந்த கடைக்காரன் இன்று பதுக்கினால் அவனுக்கே நட்டம். ஆகவே 1974இல் பூட்டப்பட்ட கிடங்குகள் இம்முறை பூட்டப்படவில்லை. மறுபுறம் அரசு, யூனியன் எனப்படும் ஊராட்சிகளைக் கொண்டு மிக வறிய குடும்பங்களைப் பட்டியலிட்டு, ஏறத்தாழ 40 இலட்சம் குடும்பங்களுக்கு அட்டை மூலம் மாதந்தோறும் தானியம் வழங்கியது. கிடங்கிலிருந்து ஊருக்கு அதைச் சுமந்தவை ஓடங்களே. எல்லாம் செவ்வையாக நடந்தது என்று நாம் சொல்லவரவில்லை. ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்கித்தான் உயிர் தரித்தன. பல குடும்பங்களுக்கு அக்கடன் நீர் வடிந்த பிறகும் வடியவில்லை. குழந்தைகளின் உடல் மெலிந்தது. ஆனாலும் 1974இன் பிணங்களை 1998 காணவில்லை. தற்செயலாக அதே 1998இல்தான் அமர்த்தியா சென்னுக்குப் பொருளியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இங்கே வாசகர் ஒருவர், "அரிசி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறதே! ஊர் இருப்பைப் பற்றியல்லவா பேசிக்கொண்டிருந்தீர்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எந்த ஊரும் எல்லாவற்றையும் தானே விளைவிப்பதில்லை. மதீனாவும் மிஸ்ரின் தானியத்தை உண்டது. ஆனால் சிட்டகாங் துறையில் கப்பல் நிற்பது வேறு; தட்டில் சோறு விழுவது வேறு. இடையிலுள்ள கடைசிப் பத்துக் கல் தொலைவை அவ்வூர்க் கடைக்காரனும், அவ்வூர் ஓடக்காரனும், பட்டியலெழுதும் அவ்வூரானுமே கடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்துக் கல்லில்தான் 1974 தோற்றது.

கிடங்கைப் புகழ்வது பதுக்கலைப் புகழ்வதாகிவிடக் கூடாது என்பதால் மார்க்க அறிஞர்களின் வரையறையையும் கூறிவிட வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இதைத் தெளிவாக்கியுள்ளார்கள். விலை ஏறியிருக்கும் காலத்தில் உணவுப் பொருளை வாங்கி, மேலும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். தன் நிலத்தில் விளைந்ததையோ, மலிவான காலத்தில் வாங்கியதையோ இருப்பு வைப்பது அதில் சேராது. ஆயினும் ஒருவனிடம் உணவு இருந்து, மக்கள் வேறு வழியின்றித் தவித்தால் அதை விற்குமாறு அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து உண்டு என்றும் எழுதுகிறார்கள். ஆக, அதே கிடங்கு ஐப்பசியில் அறிவுடைமை. வெள்ளத்தில் கதவடைத்தால் பாவம்.

நம் முன்னோருள் இதற்கு எடுத்துக்காட்டைத் தேடிக் கீழக்கரைக்கு மேல் போக வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்னும் சீதக்காதி வள்ளலைப் படிக்காசுப் புலவர் பாடியது, பொன்னும் நெல்லும் ஒரே எடைக்கு விற்ற பஞ்ச காலத்தில் அவர் வழங்கிய கொடையைத்தான். செத்தும் கொடுத்த வள்ளல் என்று நாம் அவருடைய ஈகையைப் பாராட்டுகிறோம், சரிதான். ஆனால் அந்தப் பஞ்சத்தில் எடுத்துக் கொடுக்க நெல் இருந்தது எப்படி? அவர் அரிசியும் மிளகும் துணியும் கொண்டு மரக்கல வாணிகம் செய்தவர். கையில் சரக்கும் துறையில் கலமும் இருந்தன. கொடை மனம் மட்டும் இருந்து கிடங்கு வெறுமையாயிருந்திருந்தால் புலவர் பாட ஒன்றும் இருந்திராது.

இன்று நம் ஊர்களில் பெரிய கிடங்குகள் இல்லை. வீட்டுக் குதிரும் இல்லை. மாதச் சரக்கு கடையிலிருந்து வாராவாரம் வருகிறது. கடைக்கோ நகரிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிறது. சாலை அறுந்தால் மூன்றாம் நாள் அலமாரி காலி. நியாயவிலைக் கடை ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அதன் தரை தெருமட்டத்தில் இருந்தால் முதலில் நனைவது அதுவே. இது அரசின் வேலையல்லவா என்று கேட்போர் உளர். அரசின் வேலைதான், அதை நாம் விட்டுக்கொடுக்கவில்லை, கேட்டுப் பெற வேண்டும். ஆனால் புதுக்குடி மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் பயணிகள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

நம் மஹல்லாக்களில் ஒரு பொருள் தயாராக இருக்கிறது. ரமலான் முழுதும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் ஏற்பாடு அது. அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குகிறது. மளிகை தருவோர் முறைவைத்துத் தருகிறார்கள். பல நூறு பேருக்குக் காய்ச்சத் தெரிந்த ஆள் இருக்கிறார். எந்த வீட்டிலிருந்து எத்தனை தூக்குவாளி வரும் என்பது அவருக்கு மனப்பாடம். எவர் வீட்டிலிருந்து பிள்ளை வரவில்லை என்பதையும் அவர் கவனித்துவிடுவார். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்தில் ஒரே சகனைச் சுற்றி அமர்ந்து பலர் உண்பதும் இன்றுவரை நிலைத்திருக்கும் வழக்கம். அஷ்அரீகளின் துணிக்கு அது தூரத்து உறவன்று. இந்த ஏற்பாடு ஆண்டில் ஒரு மாதம் இயங்கிவிட்டுப் பதினோரு மாதம் உறங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பத்து நாளைக்குரிய அரிசி, பருப்பு, பால்மாவு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி ஆகியவற்றை அந்தந்த ஊர்க் கடைக்காரரிடமே வாங்கி, பள்ளியின் மேல்தளத்தில் வைத்து, தை பிறந்ததும் ஏழைகளுக்குப் பங்கிட்டுவிடலாம். உள்ளூர்க் கடைக்காரரிடம் என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளம் வடிந்தபின் வெளியூரிலிருந்து இலவசமாக வந்து குவியும் சரக்கு, நனைந்த கடையை மீண்டும் திறக்க முயலும் அவரை இரண்டாம் முறை மூழ்கடிக்கிறது. அடுத்த வெள்ளத்துக்கு அவர் வேண்டும்.

கடந்த மழைக்காலத்துக்கு முன் நம் மஹல்லா நிர்வாகிகளிடம் இவற்றைச் சொல்லி, கஞ்சித் தேக்சாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ள அறையைத் திறந்து பார்க்கலாம் என்றோம். சாவி ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் வாய்க்காலுக்கு அக்கரையில் குடியிருக்கிறார். ஆள் போய் வாங்கிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று மழையும் இல்லை. இரண்டாவது சாவி ஒன்று செய்து மோதினார் அவர்களிடம் கொடுத்து வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.